பசியின் வேரைத் தேடியவர்: சர் ராபர்ட் மெக்காரிசன்



பசியின் கொடுமையைச் சொல்லும் பழமொழிகளுக்கு நம் மொழியில் பஞ்சமில்லை. ஆனால், பசி வராமற் போவதன் கொடுமையைச் சொல்லும் பழமொழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதை நான் என் உடம்பிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

ஆண்டிபட்டிக்கு அருகே ஒரு சிற்றூர் எங்களுடையது. தந்தையார் சக்கம்பட்டியில் தறி ஓட்டுகிறார். தாயார் விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்தவள் நான். முதலாண்டில் காலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு வேளை உணவை விட்டேன். என் உடம்பைப் பற்றித் தோழி ஒருத்தி விளையாட்டாகச் சொன்ன சொல் மனத்தில் தைத்துக்கொண்டதால், மதிய உணவையும் பாதியாகக் குறைத்தேன். தீபாவளிக்குள் நிலைமை தலைகீழாயிற்று. அதுவரை நான் உணவை ஒதுக்கி வந்தேன். அதன்பின் உணவு என்னை ஒதுக்கிவிட்டது. உண்ண விரும்பி உட்கார்ந்தாலும் இரண்டு கவளம் இறங்கியதும் வயிற்றில் கல் வைத்தாற்போல் ஆகிவிடும்.

அப்பத்தா கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். தந்தையார் இது படிப்புத் திமிர் என்றார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நான் மிச்சம் வைத்த சோற்றைத் தாமே உண்டு எழுந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. ஊரார் சொன்னதன் சாரம் ஒன்றே: உண்ணாமை என்பது என் குற்றம். நானும் அப்படியே நம்பினேன். பின்னர் ஒரு மருத்துவர்தாம், இது உண்ணல் கோளாறு என்னும் நோயின் தொடக்கம், இதற்கு மருத்துவம் உண்டு என்று பொறுமையாக எடுத்துரைத்தார்.

அந்நாட்களில் வகுப்பில் உயிர்ச்சத்துகளைப் பற்றிப் பாடம் நடந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் ஒரே ஓர் அறையில் பிறந்தது என்று பேராசிரியர் போகிறபோக்கில் சொன்னார். அந்த அறையில் இருந்தவர் யார் என்று தேடப் புகுந்தேன். கிடைத்தவர்தாம் சர் ராபர்ட் மெக்காரிசன். உயிர்ச்சத்து என்ற சொல்லே புதிதாயிருந்த காலத்தில், உணவுக்கும் குடலுக்கும் குடல்வாழ் நுண்ணுயிர்களுக்கும் பசிக்கும் இடையே ஒரு கண்ணி இருப்பதைக் கண்டு சொன்ன பெருமகனார் அவர். அவருடைய வாழ்க்கையை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் இங்கு வரைகின்றேன்.

இளமையும் இந்திய வருகையும்

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. நம்மில் பலர் பட்டமேற்படிப்பு முடித்து, வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் வயது அது.

அவருக்குக் கிடைத்த முதற்பணி வடமேற்கு எல்லையிலுள்ள சித்ரால் என்ற மலைப்பகுதியில், படைவீரர்களுக்கு மருத்துவம் பார்ப்பது. அங்கே கோடைதோறும் வீரர்களை மூன்று நாட்கள் வாட்டிவிட்டுப் போகும் ஒரு காய்ச்சல் இருந்தது. மற்றவர்கள் அதை மலேரியாவோடு சேர்த்து எண்ணிவிட்டுப் போயிருப்பர். இவரோ அது தனி நோய் என்று கண்டு, அதன் குறிகளை ஒழுங்குற எழுதி வைத்தார். மணல் ஈக்களால் பரவும் காய்ச்சல் என்று பின்னர் அறியப்பட்டது அதுவே. ஆய்வுக்கூடமோ பெரிய கருவிகளோ இல்லாத மலையில், கண்ணையும் குறிப்பேட்டையும் மட்டுமே நம்பிச் செய்த வேலை அது.

கில்கிட் பள்ளத்தாக்கில் ஒரு பிழையும் ஒரு பேறும்

பின்னர், 1904 முதல் ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் கில்கிட்டில் மருத்துவராகப் பணியாற்றினார். காஷ்மீரத்திற்கும் வடக்கே பனிமலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. அங்கு மக்களின் கழுத்தில் பெரிய பெரிய கழலைகள் தொங்கின. மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால் ஒன்று ஊர் ஊராகப் பாய்ந்து சென்றது. அந்தத் தண்ணீரைத்தான் எல்லா ஊராரும் குடித்தனர். மேலூரில் கழலை உள்ளவர்கள் குறைவு. கீழே வர வர எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. ஊர்களின் அழுக்கு வாய்க்காலில் கலக்கக் கலக்க நோய் மிகுகிறது என்பது மெக்காரிசனின் கண்ணில் பட்டது.

அவர் செய்த சோதனையைக் கேட்டால் இன்றைய மருத்துவர்கள் திகைப்பார்கள். அந்தத் தண்ணீரிலிருந்து வடிகட்டி எடுத்த வண்டலை, இசைந்து முன்வந்த சிலருக்கு நாள்தோறும் குடிக்கக் கொடுத்தார், தாமும் குடித்தார்! சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. வண்டலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தபோது வீக்கம் வரவில்லை. ஆகவே வண்டலில் உயிருள்ள ஏதோ ஒரு நுண்ணுயிர் இருக்கிறது, அது குடலில் தங்கி நஞ்சை உண்டாக்குகிறது, அந்த நஞ்சே கழலைக்குக் காரணம் என்று முடிவு கட்டினார். குடல் நுண்ணுயிர்களை ஒடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது சில கழலைகள் சுருங்கவும் செய்தன. 1913ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கழகத்தில் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

நண்பர்களே, இந்த முடிவு பெரும்பாலும் பிழை! மலைநாட்டுக் கழலைக்கு முதற்காரணம் அயோடின் குறைவே என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. நம் நாட்டில் 1956இல் தொடங்கி இமயமலையடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அதை மெய்ப்பித்துக் காட்டியவர் டாக்டர் வி. இராமலிங்கசாமி. அவர் மெக்காரிசனின் குன்னூர் ஆய்வுக்கூடத்திலேயே சில ஆண்டுகள் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆசான் கட்டிய வீட்டிலிருந்தே அவர் பிழையைத் திருத்தும் அறிவும் புறப்பட்டது என்றால் அது மிகையாகாது.

ஆயினும் கில்கிட் வாழ்க்கை அவருக்கு ஒரு பேற்றையும் தந்தது. அவருடைய பார்வை குடலின்மேல் திரும்பியது. கில்கிட்டுக்கு அருகே ஹுன்சா என்றொரு சிறு மலைநாடு. அங்குள்ள மக்கள் முழுத் தானியமும் காய்கனியும் வாதுமைப் பழமும் சிறிது பாலும் உண்டு வாழ்ந்தனர். தம் பணிக்காலம் முழுவதிலும் அவர்களிடையே செரியாமையோ வயிற்றுப் புண்ணோ குடல்வால் அழற்சியோ கண்டதில்லை என்று அவர் பதிவு செய்தார். பிற்காலத்தில் சிலர் இதை ஊதிப் பெருக்கி, ஹுன்சாவைச் சாவே அறியாத நாடாக ஆக்கிவிட்டனர். அது கட்டுக்கதை. மெக்காரிசன் அந்நாட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு கேள்வியைத்தான். நோய் வந்தால் எந்தக் கிருமி வந்தது என்று மட்டும் கேட்கிறோமே, அந்தக் கிருமிக்கு இடங்கொடுத்த குடல் எதை உண்டு வளர்ந்தது என்று ஏன் கேட்பதில்லை?

குன்னூரில் ஓர் அறை

முதல் உலகப் போரில் பணியாற்றி, உடல்நலங் குன்றித் திரும்பினார் மெக்காரிசன். 1918இல் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடி மருத்துவத்திற்காக 1907இல் எழுந்த அந்நிறுவனத்தில் அவருக்கென ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அந்த ஓர் அறைதான் இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு விதைநிலம்.

அதற்கு முன்பே ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் நரம்புத் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். 1912இல் ஃபங்க் என்பவர் வைட்டமின் என்ற பெயரை வழங்கினார். அதை நாம் உயிர்ச்சத்து என்கிறோம். எனவே மெக்காரிசன் குன்னூருக்கு வந்தபோது, உணவிற் குறைந்த சத்து நரம்பைத் தாக்குகிறது என்பது உலகறிந்த செய்தி. அவர் கேட்டதோ வேறு. நரம்பு தளர்வதற்கு முன்னே உடம்பில் என்ன நடக்கிறது?

புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு குரங்குகளுக்கு, உயிர்ச்சத்துகள் அழியுமாறு மிகுந்த வெப்பத்தில் வேகவைத்த அரிசியைக் கொடுத்தார். பக்கத்திலேயே அதே சூழலில், நல்லுணவு பெற்ற குரங்குகளையும் வைத்து ஒப்பிட்டார். கண்ட முடிவுகளை 1919, 1920ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவற்றின் சாரத்தை இங்கே தருகிறேன்.

குறையுணவு பெற்ற விலங்குகளிடம் முதலில் தோன்றிய குறிகளுள் முதன்மையானது பசியின்மை. கால் தளர்வதற்கு முன்பே, எடை பெரிதும் இறங்குவதற்கு முன்பே, அவை உணவை வேண்டா என்று ஒதுக்கின. அடுத்து வயிற்றுப்போக்கும் சீதபேதியும் வந்தன. இறந்த விலங்குகளை அறுத்துப் பார்த்தபோது குடலின் சுவர் மெலிந்து தாள்போல் ஆகியிருந்தது, தசை நலிந்திருந்தது, செரிமான நீர்களைச் சுரக்கும் பகுதிகள் சிதைந்திருந்தன. குடலுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய நுண்ணுயிர்கள் சுவரைக் கடந்து இரத்தத்திலும் புகுந்திருந்தன. அதே சூழலில் வாழ்ந்த நல்லுணவுக் குரங்குகளோ நலமாகவே இருந்தன.

இதில் பொதிந்த உண்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கெட்ட உணவு குடலைக் கெடுக்கிறது. கெட்ட குடலில் நுண்ணுயிர்களின் ஒழுங்கு குலைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து பசியைக் கொல்கின்றன. பசி செத்தபின் உள்ளே போகும் உணவு மேலும் குறைகிறது. செக்குமாடு போல் நோய் ஒரே வட்டத்தைச் சுற்றத் தொடங்குகிறது. அந்தக் குரங்குகளை யாரும் திமிர் பிடித்தவை என்று ஏசவில்லை. அவை உண்ணாதது அவற்றின் குணமன்று, நோயின் முதற்குறி. நூலகத்தில் இந்தச் செய்தியைப் படித்த அன்று, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1921இல் இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் குறையுணவு நோய்களைப் பற்றிய ஒரு பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கெட்ட உணவுக்கும் குடல் நோய்களுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசி, மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தார்.

தடையும் மீட்சியும்

ஆராய்ச்சியாளனின் பாதை மலர்ப்பாதையன்று. 1923இல் அரசின் செலவைக் குறைக்க அமைந்த இன்ச்கேப் குழுவின் பரிந்துரையால், மெக்காரிசனின் ஆய்வு நிறுத்தப்பட்டது. நாடு முழுதும் அரைவயிற்றுக் கஞ்சிக்கு அல்லாடிய காலத்தில், உணவைப் பற்றிய ஆராய்ச்சியே வீண்செலவாகத் தோன்றியது விந்தையே! ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1925இல் பணி மீண்டும் தொடங்கியது.

இடையில் 1924இல் நாரிஸ் என்ற வேதியியலறிஞருடன் சேர்ந்து, அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்து வெளியிட்டிருந்தார். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கும் பரவியிருக்கவில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில்தான் அது மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட மக்களிடையே அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவிக்கும் அண்டாவின் முன் புகையில் கண் கசக்கி நின்ற நம் பாட்டிமார், தம்மை அறியாமலே ஒரு நோயைத் தடுத்து வந்தனர்.

எலிகள் சொன்ன தீர்ப்பு

மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனை இனித்தான் வருகிறது. ஒரே வளர்ப்பில் பிறந்த எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உணவு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது சிறிது இறைச்சி. மற்றக் கூட்டங்களுக்குப் பட்டாணியர், மராட்டியர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவுகள். சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசி மிகுந்து பாலும் காயும் குறைந்த வங்காள, சென்னை உணவுகளை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. மரவள்ளியையும் தீட்டிய அரிசியையும் பெரிதும் நம்பிய திருவாங்கூர் ஏழைகளின் உணவைக் கொடுத்தபோது பல எலிகளுக்கு வயிற்றுப் புண் கண்டது.

நம்மைத் தாழ்த்திவிட்டாரே என்று சினக்க வேண்டா. அக்கால ஆங்கில ஆட்சியினர் வடமேற்கு மக்களைப் போர்க்குலத்தார் என்றும், தென்னவரை வலுவற்றோர் என்றும் பிரித்துப் பேசினர். மெக்காரிசனின் எழுத்திலும் அந்தச் சாயல் படிந்தே உள்ளது. ஆனால் அவருடைய எலிகள் அந்த எண்ணத்தைத் தகர்த்துவிட்டன. எல்லா எலியும் ஒரே குலம், ஒரே குருதி. வேறுபட்டது தட்டு மட்டுமே. தாழ்வு பிறப்பில் இல்லை, உணவில் இருக்கிறது என்பதைவிடப் பெரிய சமத்துவப் பாடம் வேறென்ன வேண்டும்?

பின்னர் ஆங்கில நாட்டு ஏழைகளின் உணவையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை போட்ட தேநீர், வெந்து குழைந்த காய், தகரடப்பா இறைச்சி. ஏறத்தாழ ஆறு மாதம் நடந்த அச்சோதனையில், எலிகள் வளர்ச்சி குன்றியதோடு நிற்கவில்லை. பராமரித்தவர்களைக் கடித்தன, தம்மில் நலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. நல்லுணவு பெற்ற எலிகளோ ஒற்றுமையாய் வாழ்ந்தன. உணவு உடம்பை மட்டுமன்றி நடத்தையையும் மாற்றுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று அக்காலத்தில் கிடைத்ததில்லை. ஊமை விலங்குகள் பட்ட துன்பத்தை எண்ணினால் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. அவை கற்பித்த பாடத்தை மறந்துவிட்டால் அந்தத் துன்பம் வீணாகிவிடும்.

உணவின் வேரைத் தேடி அவர் மண்ணுக்கும் இறங்கினார். கோயம்புத்தூரில் வேளாண்மை வேதியியலறிஞராயிருந்த பி. விசுவநாத் அவர்களுடன் இணைந்து, தொழுவுரம் இட்டு விளைந்த சிறுதானியத்தையும் செயற்கை உரமிட்டு விளைந்ததையும் ஒப்பிட்டார். தொழுவுரம் இட்டதே சத்தில் மேம்பட்டது என்று 1926ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வருசநாட்டுப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டு நிலத்திற்கு வலுவேற்றும் நம் உழவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

ஓர் அறை நிறுவனமாயிற்று

1920களின் இறுதியில் அந்த ஓர் அறை, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற பெயரோடு தனி நிறுவனமாக உயர்ந்தது. மெக்காரிசனே அதன் முதல் இயக்குநர். பெரிய ஆய்வுகளுக்கிடையே, பள்ளி மாணவருக்காக உணவைப் பற்றிய எளிய பாடநூல் ஒன்றையும் 1928இல் எழுதினார். அறிவு ஆய்வுக்கூடத்தில் அடைபட்டுக் கிடக்கலாகாது என்ற எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். 1933இல் சர் பட்டம் பெற்றார். 1935இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டு இலண்டனில் ஊட்டமும் நாட்டு நலமும் என்ற பொருளில் அவர் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகள், மேலைநாட்டிலும் பலரைச் சிந்திக்க வைத்தன. 1945 முதல் பத்தாண்டுகள் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவப் பட்டமேற்படிப்பின் இயக்குநராய் இருந்தார். 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார்.

குன்னூரில் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டார். நிறுவனம் 1958இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதைப் பல ஆண்டுகள் வழிநடத்திய டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்தில் பிறந்தவர். குன்னூரில் பணியைத் தொடங்கிய அவர், நூறாண்டு நிறைவாழ்வு வாழ்ந்து 2019இல் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

குடலின் சுவரைக் கடந்த நுண்ணுயிர்களைக் கண்ட மெக்காரிசனுக்கு, அங்கே எத்தனை வகை உயிர்கள் உள்ளன என்று எண்ணும் வழி இருக்கவில்லை. இன்று அவற்றின் மரபுப் பொருளைப் படித்தே இனம் பிரிக்க முடிகிறது. அந்த வழியில் வந்த செய்திகளுள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது நம் வேலூரிலிருந்து. கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 உயிர்ச்சத்தைத் தாமே உண்டாக்குவதை 1980இல் எடுத்துக்காட்டினர். குடல்வாழ் உயிர்கள் எல்லாம் பகைவரல்லர், உணவு ஊட்டும் உறவினரும் அவர்களுள் உண்டு என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது டாக்காவிலிருந்து. உணவுக் குறைவால் நலிந்த குழந்தைகளின் குடல்வாழ் உயிர்கள், வயதுக்கேற்ற முதிர்ச்சி பெறாமல் நின்றுவிடுவதை ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வுயிர்களைத் தேற்றவென்றே கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் ஆகியவற்றால் ஓர் உணவைச் செய்தனர். 2021இல் வெளியான ஆய்வில், கலோரி மிகுந்த வழக்கமான துணையுணவைவிட இந்த உணவு பெற்ற குழந்தைகளே நன்கு தேறினர். வாழையும் நிலக்கடலையும் விளையும் தேனி மாவட்டத்தார்க்கு இதைக் கேட்க எவ்வளவு பெருமையாயிருக்கிறது!

மூன்றாவது செய்தி என் நோய்க்கு அண்டியது. அனோரெக்சியா நெர்வோசா என்னும் கடுமையான உண்ணல் கோளாறு உள்ள 77 பெண்களையும் நலமாயுள்ள 70 பெண்களையும் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2023இல் முடிவை வெளியிட்டனர். இரு சாராரின் குடல்வாழ் உயிர்களும் வேறுபட்டிருந்தன. நோயுற்றோரின் குடல் உயிர்களை, நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மாற்றி, அளவுணவு கொடுத்தனர். நலமானோரின் உயிர்களைப் பெற்ற சுண்டெலிகளைவிட இவை தொடக்கத்தில் மிகுதியாக எடை இழந்தன. பின்னர் மெதுவாகவே எடை கூடின. மெக்காரிசன் கண்ட கண்ணி, நூறாண்டு கழித்து மீண்டும் தென்படுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். உண்ணல் கோளாறு முழுவதும் பாக்டீரியாவின் வேலை என்று சொன்னால், கில்கிட்டில் மெக்காரிசன் செய்த பிழையை நாமும் செய்தவர்களாவோம். மனம், மரபு, குடும்பம், ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்து திரித்த கயிறு அது. குடல்வாழ் உயிர்கள் அதில் ஒரு புரி. எது முன், எது பின் என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. ஆகவே விளம்பரம் பார்த்து மாத்திரை வாங்க வேண்டா. சீரான உணவும் மனநல மருத்துவரின் துணையுமே இன்றும் மருத்துவத்தின் இரு கால்கள்.

முடிவாக

நான் முழுதும் தேறிவிட்டேன் என்று பெருமை பேச வரவில்லை. மருத்துவர் சொன்னபடி, பசிக்காகக் காத்திராமல் மணி பார்த்துச் சிறிது சிறிதாக உண்கிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு கவளமும் தேர்வு எழுதுவது போல் இருந்தது. அப்பத்தா கரைத்துத் தரும் பழைய சோற்றுக் கஞ்சிதான் முதலில் சிக்கலின்றி இறங்கியது. இரவெல்லாம் அதில் பெருகுபவையும் பாக்டீரியாக்களே என்று சொன்னபோது அப்பத்தா நம்பவில்லை. நீ குடி, எதுவாயிருந்தாலும் சரி என்றார்.

ஒரு நாள் குன்னூர்க் குரங்குகளின் கதையைத் தந்தையாரிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்தபின் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து, யாருக்கென்று சொல்லாமல் மாடத்தில் வைத்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் திமிர் என்ற சொல் கேட்டதில்லை. அறிவியலால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை இதுதான்.

என் தாயார் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அவர் பள்ளிக்குப் போனதே சத்துணவுக்காக என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 1982இல் அத்திட்டத்தை விரிவுபடுத்தியவர் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பின்னர் 1984இல் அவர் தேர்தலில் வென்றது எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியில்தான். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. ஒரு தட்டு உணவு ஒரு தலைமுறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறை கல்லூரிக்கு வந்திருக்கிறது. அப்படி வந்த நானே தட்டைத் தள்ளி வைத்தேன் என்பதை எண்ணும்போது தாயாரின் மௌனம் எனக்கு விளங்குகிறது.

நண்பர்களே! நம் வகுப்பில் யாரேனும் உணவுப் பொட்டலத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அவரைக் கண்டால் கேலி செய்யாதீர்கள், அறிவுரையும் கூறாதீர்கள். அருகில் அமர்ந்து உண்ணுங்கள். ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உடன் செல்லுங்கள். உண்ணாமை குற்றமன்று, உடம்பு எழுப்பும் முதற்குரல். அந்தக் குரலைக் குன்னூர் மலையில், ஓர் அறையில், குரங்குகளிடமிருந்து கேட்டறிந்தார் ஒரு மனிதர். பக்கத்து இருக்கையிலிருந்து வரும்போது அது நம் காதிலும் விழட்டும்!